சூரன் படையில் ஒரு மூக்கு

மரப்பெட்டியின் மூடியைத் திறந்ததும் வசம்பும் பச்சைக் கற்பூரமும் கலந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறும். ஐப்பசி மாதத்து உப்புக்காற்றில் நமுத்த அப்பளம் போலத் துவண்டு கிடக்கும் பழைய தாள்களை அத்தை ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்குள் எங்களுக்குப் பொறுமை போய்விடும். முருகன் கதையைக் கையால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் தீட்டிய சுவடி அது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் கந்த சஷ்டி ஆறு நாளும் அதை வைத்துத்தான் வாசிப்பு.

எங்களுக்கு ஆறாம் நாள்தான் பெரிது. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கிற அதே சாயங்காலம், அந்த வருடம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளை, படத்தில் வரிசையாக நிற்கும் சூரன் படையில் ஒரு அசுரனின் கண்ணை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். இதற்குக் "கண்ணு நோண்டுதது" என்று பெயர். அப்பா நோண்டியவன், அத்தை நோண்டியவன் என்று ஆளுக்கொரு குருட்டு அசுரன் உண்டு. என் முறை வந்தபோது கண்ணோடு மிச்சமிருந்தவன் வரிசையின் கடைசியில், தாள் மடிப்புக்குள் பக்கவாட்டில் முகம் காட்டி நின்ற ஒருவன் மட்டும்தான். அத்தை மகன் சங்கரனும் அதே வருடம் வாசிக்கத் தொடங்கித் தொலைத்திருந்தான். அந்த அசுரனுக்காக எங்களுக்குள் அடிதடியே நடந்தது. கடைசியில் ஒரு முழு வரியைத் திக்காமல் வாசித்துக் காட்டி நான் வென்றேன். அன்றிலிருந்து நகமே வெட்டவில்லை.

சம்ஹார நேரம் வந்தது. அத்தை மடிப்பை நீவி, விளக்கை அருகே இழுத்து வைத்தாள். நான் விரலைக் கொண்டுபோனேன். அத்தை படத்தைப் பார்த்தாள், குனிந்திருந்த என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஏளா, கையை எடு. இது நம்ம பூட்டன்லா."

வீடே கூடிவிட்டது. நடுவில் புடைத்து நுனியில் வளைந்த மூக்கு. சுவரில் புகைப்படமாகத் தொங்கும் பூட்டனுக்குப் பிறகு எனக்கு மட்டுமே வாய்த்த மூக்கு. மற்ற அசுரர்கள் கத்தியும் கேடயமும் பிடித்திருக்க, இவன் இடுப்பில் சாவிக்கொத்து. அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் பொறி தட்டியது. படம் எழுத ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கிய ஓவியருக்கு மூன்று வேளையும் ரசத்தையே ஊற்றி, உடன்குடிக் கருப்பட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த பூட்டனின் கஞ்சத்தனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஓவியர் வாயே திறக்காமல் வண்ணத்தில் பழிவாங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"அம்மா, எனக்கு அந்த மூக்கு இல்லல்லா, நான் நோண்டுதேன்" என்ற சங்கரன் முதுகில் ஒன்று வாங்கினான். அசுரனாகவே நின்றாலும் பூட்டன் பூட்டன்தான், அவர் கண்ணில் கைவைக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. நான் சுண்டலைக்கூடத் தொடாமல் அழுதேன். மூக்கும் எனக்கு, கேலியும் எனக்கு, நோண்டுகிற பாக்கியம் மட்டும் கிடையாதாம்! பள்ளிக்கூடம் முடிக்கும்வரை என்னைக் "கடைசி அசுரன்" என்றே கூப்பிட்டார்கள்.

இப்போது அத்தை இல்லை, அந்த வீடு இல்லை, ஆறாம் நாளுக்காக நகம் வளர்க்கும் பிள்ளைகளும் இல்லை. சுவடி ஒரு நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். போன சஷ்டியன்று துபாயிலிருந்து சங்கரன் அந்தப் பக்கத்தை என் கைபேசிக்கு அனுப்பியிருந்தான். கீழே நூலகத்தாரின் குறிப்பு: அசுரர் முகங்கள் சிதைந்துள்ளன, ஒன்று மட்டும் பழுதின்றி இருக்கிறது.

சுற்றுமுற்றும் பார்த்தேன். தடுக்க யாரும் இல்லை. அத்தனை வருட ஆத்திரத்தையும் விரல் நுனியில் திரட்டி அந்தக் கண்ணில் இரண்டு குத்து குத்தினேன். கண் போகவில்லை, திரை முழுக்க மூக்குத்தான் பெரிதாகி நின்றது.