கண்ணாடியில் நத்தார்

என் தங்கை பள்ளியில் பிரம்படி வாங்கியும் இடக்கைப் பழக்கத்தை விடவில்லை. “பொம்பளைக்கு ஏணி எதுக்கு?” என்று கேட்டவரின் கடைப் பலகையையே ஏணியில் நின்று எழுதிக் கொடுத்தாள். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன வருஷம், மூலையில் உட்காராமல் தனியாகப் பெயர்ப்பலகை எழுதும் தொழில் தொடங்கினாள். கண்ணாடி எழுத்து என்றால் எங்கள் பக்கத்தில் அவள்தான். தன் வேலைக்கு அடியில் தன் பெயரைப் போடும் தைரியம் மட்டும் வரவில்லை.

கண்ணாடியில் உள்பக்கமிருந்து இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். வெளியே முன்னால் தெரிவதை முதலில் தீட்டி, பின்னணி நிறத்தைக் கடைசியில் அதன்மேல் பூசுவார்கள். பூசிய பிறகு பெயர் போட முடியாது. போட்டால் வெளியே தெரியாது. அதனால் வேலை எப்படி வரும் என்று தெரியும் முன்பே பெயரைப் போட்டாக வேண்டும்.

“சொதப்பிட்டா என் பேரு மட்டும் அழகா நிக்கும்ணா,” என்று ஒவ்வொரு முறையும் நழுவிவிடுவாள்.

ஓர் ஆண்டுக் கடைசியில் மருந்துக்கடைக்காரர் வாசல் கண்ணாடிக்கு வாழ்த்து கேட்டார். அவள் தாளில் எழுதிக் காட்டினாள்: நத்தார் வாழ்த்துகள்.

“என்னம்மா இது, மருந்துப் பேர் மாதிரி? கிறிஸ்மஸ்னு போடு. பச்சைக்குழந்தைக்கும் புரியும்.”

“பச்சைக்குழந்தையா உங்ககிட்ட மாத்திரை வாங்குது?”

பெயின்ட் டப்பாவோடு நின்ற நான் அவள் காலை மிதித்தேன். அவள் அடங்கவில்லை. நத்தார் என்றால் பிறப்பு, கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், நம் வாயில் ஊறி ஊறித் தமிழாகிவிட்டது என்று அடுக்கினாள். அவள் சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒரு நாளின் பெயராக மட்டும் இருந்ததில்லை. “நத்தாருக்கு முந்தி சுவருக்கு வெள்ளையடிக்கணும்” என்பார் அம்மா. தட்டிக்கழிக்க நினைத்தால் அப்பா, “நத்தார் கழியட்டும், பார்க்கலாம்” என்பார். சிவப்புச் சட்டைக் கிழவர் எங்களுக்கு நத்தார் தாத்தா.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “சரி, போடு. ஆனா வர்றவன் போறவனெல்லாம் அர்த்தம் கேட்டா என்னால மாரடிக்க முடியாது. கீழே உன் பேரைப் போட்டுடு, உன்னையே கேட்கட்டும். பேர் இல்லேன்னா கிறிஸ்மஸ்தான்.”

அவள் தூரிகையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அண்ணா, டீ குடிச்சிட்டு வரலாமா?”

“இப்பத்தானே குடிச்சே?”

“அப்ப இன்னொண்ணு.”

“இருமலுக்கு மருந்து இருக்கு,” என்றார் கடைக்காரர். “பயத்துக்கு என்கிட்ட இல்ல, தாயி.”

எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. ‘கிறிஸ்மஸ்னே எழுதிடு’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்ணாடியின் கீழ்மூலையில் குந்திவிட்டாள். தூரிகையை இடக்கையில் எடுத்தாள். வாழ்த்தில் ஓர் எழுத்துக்கூட இன்னும் விழவில்லை. அந்த வெறும் கண்ணாடியில் தன் பெயரைத் திருப்பி எழுதினாள். அடியில் பொடியாகத் தேதியையும் போட்டாள்: டிசம்பர் 9, 2016.