ஈரக் கையும் போகாத படமும்

போன வருஷம் தைப்பூசத்தன்று காலை. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில், நானும் நண்பர்களும் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் நடந்தது இது.

நான் புரோகிராமர். ஒரே நிரலை எழுதி, அதன் திரைகளை லேப்டாப், டேப்லெட், புது போன், விரிசல் விட்ட பழைய போன் எல்லாவற்றிலும் ஒழுங்காகத் தெரிய வைப்பதுதான் என் பிழைப்பு. எங்கம்மாவைக் கேட்டால் "பட்டன் வைக்கிற வேலை" என்பார். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் பாதிப் பேர் என்னைத் தையல்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த வருஷம் சாலையோரப் பந்தல்களுக்காக ஒரு செயலி செய்து கொடுத்திருந்தேன். ஐஸ் தீர்ந்தாலும் சரி, யாராவது காணாமல் போனாலும் சரி, எல்லாப் பந்தலுக்கும் உடனே செய்தி போகும். காணாமல் போனவரின் படம் திரை முழுக்க நிற்கும். 'பார்த்தாச்சு' என்ற பட்டனை அமுக்கினால்தான் போகும். அமுக்கிய பந்தல் என் லேப்டாப்பில் பச்சையாகும், அமுக்காதது சிவப்பாகவே இருக்கும். எனக்கு அதில் பெருமையென்றால் அப்படியொரு பெருமை.

வெயில் ஏறும் நேரத்தில் ஓர் அக்கா வெறுங்காலோடு ஓடி வந்தார். கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்தவர். "எங்கப்பாவக் காணோம்மா. மலையிலருந்து எறங்குறப்ப கையப் புடிச்சிக்கிட்டுத்தான் வந்தேன், கூட்டத்துல நழுவிட்டாரு" என்று அழுதார். அப்பாவுக்கு மறதி நோய். சில நாள் தன் பெயரே தெரியாதாம். மஞ்சள் சட்டை போட்டிருந்தாராம். அன்றைக்கு அந்தச் சாலையில் மஞ்சள் போடாதவர் யார்? மைக்கில் சொல்லிப் பார்த்தோம், பக்கத்துப் பந்தலின் பாட்டுச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. அக்காவின் போனிலிருந்து அப்பாவின் படத்தை வாங்கி எல்லாருக்கும் அனுப்பினேன்.

மளமளவென்று பச்சை விழுந்தது. ஒரே ஒரு பந்தல் மட்டும் சிவப்பு. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! ஒரு மனுஷனைக் காணோம் என்கிறோம், ஒரு பட்டனை அமுக்கினால் குறைந்தா போய்விடுவார்கள்? அக்காவையும் கூட்டிக்கொண்டு, காவடிகளுக்கு நடுவே புகுந்து அங்கே போனேன்.

பந்தலில் இருந்த அண்ணன் ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கத் தண்ணீரும், சர்பத்துக்கு ஊற்றுகிற சிவப்புச் சிராப்பும். என்னைக் கண்டதும் அவர்தான் முதலில் எகிறினார். "என்னத்த செஞ்சு வச்சிருக்கீங்க தங்கச்சி? எத்தன தடவ அமுக்குறது? படம் போகவே மாட்டேங்குதுலா!"

ஈர விரலைத் திரை எங்கே மதிக்கும்? அமுக்கிச் சலித்துப்போய், போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். அந்த அப்பாவின் முகம், தண்ணீர் வாங்க நின்றவர்களைப் பார்த்தபடி அங்கேயே இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள், பால்குடம் எடுத்துவிட்டு இறங்கி வந்திருந்த ஒரு சீன ஆண்ட்டி வரிசையிலிருந்து எட்டி அந்தப் படத்தைக் காட்டினார். இந்த அங்கிளை இப்போதுதான் பார்த்தேன், மலையடிவாரத்தில் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று மலாயில் சொன்னார். முருகா!

ஓடினோம். செருப்புக் குவியலுக்கு நடுவே அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜோடி நீலச் செருப்பு. மகளைப் பார்த்ததும், "எங்கம்மா போன? உன் செருப்ப எவனாச்சும் போட்டுட்டுப் போயிடப் போறான்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். நிஜமாகவே அது அக்காவின் செருப்புதான், காலையில் அங்கே கழற்றிவிட்டுப் போனது. அக்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பி வந்து லேப்டாப்பைப் பார்த்தேன். அந்த ஒரு சிவப்பு அப்படியே இருந்தது. நான் பெருமைப்பட்ட பச்சைப் பந்தல்களிலெல்லாம் அப்பாவின் முகம் எப்போதோ மறைந்து போயிருந்தது.

இப்போது ஈரக் கைக்கும் அந்தப் பட்டன் வேலை செய்கிறது, அமுக்கினால் பந்தல் பச்சையாகிறது. ஆனால் யார் எத்தனை முறை அமுக்கினாலும், ஆள் கிடைக்கும்வரை அந்த முகம் திரையை விட்டுப் போகாது. தன் பெயரே மறந்தாலும் மகளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த அப்பாவை நினைத்துத்தான் அப்படி மாற்றினேன்.