ஐயாவின் கால் விறைப்பு

என் தகப்பனார் விநாசித்தம்பி இருபத்தேழு வருடம் பினாங்குத் துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் கிளார்க்காக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தபோது வயது இருபத்திரண்டு. இறந்தபோது நாற்பத்தொன்பது. இடையில் கலியாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், என் அம்மா நல்லம்மாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அவ்வளவு காலத்திலும் நோய் என்று லீவு எடுத்தது பதினொரு நாள். டத்தோ கிராமாட் சாலை வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். ரிக்‌ஷாவில் ஏறமாட்டார். இழுப்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்பார்.

கால் விறைக்கத் தொடங்கியதை 1926 சித்திரையில் எனக்குச் சொன்னார்.

நான் அப்போது கடலுக்கு அக்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்கு மருந்து கட்டுவது, டாக்டருக்குத் துணை நிற்பது. ஞாயிறு மத்தியானங்களில் படகேறி வீட்டுக்கு வருவேன். அன்று ஐயா கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்தார். தங்கை புஷ்பராணி சிரித்தாள்.

“ஐயா, மற்றச் செருப்பு எங்கை?”

அவர் குனிந்து பார்த்தார். கழன்றது அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய் மூலைச் சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்துவந்தார். புஷ்பராணி அடுப்படிக்குப் போனபிறகு என்னிடம் சொன்னார்.

“தம்பி, கால் விறைக்குது. ஊசி குத்துறமாதிரி. முதல் விரல் நுனியிலை. இப்ப கணுக்காலுக்கு மேலை வந்திட்டுது.”

“டாக்டரிட்டைப் போவம்.”

“போனா என்ன எழுதுவான் எண்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.”

தெரியும். கால் உணர்ச்சி போனால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது பெருவியாதி, அதாவது குஷ்டம். டாக்டர் அந்தப் பெயரை எழுதினால், அந்த நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் ஜெரெஜாக் தீவுதான். அங்கே கொண்டுபோனவர்கள் திரும்பி வருவது அரிது. அதைவிடப் பெரியது புஷ்பராணியின் சம்பந்தம். தைப்பிங்கில் மாப்பிள்ளை பேசியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கந்தப்பு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்களின் வழக்கப்படி ஊருக்குக் கடிதம் எழுதி, இரு வழியிலும் மூன்று தலைமுறைக்குச் சயரோகம், சித்தப்பிரமை, பெருவியாதி உண்டா என்று விசாரித்த பிறகே சம்மதம் சொன்னார். கலியாணம் ஆவணியில்.

“ஆவணி மட்டும் பொறு. தாலி ஏறட்டும். பிறகு நானே படகிலை ஏறிப் போறன்” என்றார் ஐயா.

நான் சம்மதித்தேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சோதித்தேன். பஞ்சால் தொட்டால் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஊசிமுனையும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு காலும் ஒரே அளவு. தோலில் தேமல் இல்லை, காது மடல் தடிக்கவில்லை. முழங்காலில் தட்டினால் கால் உதறவில்லை. கெண்டைக்காலை அழுத்தியபோது கத்திவிட்டார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அடுத்த பக்கத்தில் காரணங்களை எழுதினேன்.

நீரிழிவு: அவருடைய சிறுநீரைப் போத்தலில் எடுத்துப்போய் நீலக் கரைசலோடு காய்ச்சினேன். நீலம் மாறவில்லை; சர்க்கரை இல்லை. சாராயம்: தொட்டதில்லை. நாட்டு மருந்துப் பாஷாணம்: எந்த மருந்தும் சாப்பிடவில்லை. மேகநோய்: பெற்ற தகப்பனிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. பெரிபெரி என்று எழுதி, அடித்துவிட்டேன்.

அடித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வார்டில் பெரிபெரிக்காரர்கள் முப்பது பேர் கிடந்தார்கள். எல்லோரும் சீனர்கள்; ஈயச் சுரங்கத்துக் கூலிகள், ரிக்‌ஷா இழுப்பவர்கள். மில்லில் வெள்ளையாகத் தீட்டிய அரிசிச் சோற்றிலேயே வாழ்பவர்கள்; தவிட்டோடு சத்தும் போன அந்த அரிசிதான் நோய்க்குக் காரணம், புழுங்கலில் சத்து உள்ளேயே நிற்கும். காலையில் அவர்களுக்கு மருந்தாகப் பச்சைப்பயறு அளந்து கொடுப்பது என் வேலை. ஆனாலும் மூத்த டிரஸ்ஸர் அப்துல் காதரிடம், யாரோ ஒரு நோயாளி போலச் சொல்லிக் கேட்டேன்.

“ஆளு யாரு? சீனனா?”

“தமிழர். கிளார்க்.”

“அப்பன்னா பெரிபெரி இல்ல லா. நம்ம ஆளு புழுங்கல் அரிசி திங்கிறவன், அவனுக்கு அது எங்கேருந்து வரும்? பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் படகுல வுட்டுட்டு வந்துட்டியா, தம்பி?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மிஞ்சியது, தேமல் காட்டாமல் நரம்பை மட்டும் பிடிக்கும் பெருவியாதி.

அதற்குப் பிறகு ஐயா வீட்டுக்குள்ளேயே ஒரு தீவு கட்டிக்கொண்டார். தட்டும் கோப்பையும் தனி. பாய் தனி. வேட்டியைத் தானே தோய்த்தார். கோயிலில் செருப்பைக் கழற்றினால் கால் தெரியும் என்று கோயிலுக்குப் போவதை விட்டார். வேலைக்குப் போகும்போது செருப்பு கழலாமல் கயிற்றால் கணுக்காலோடு கட்டினார். கிட்டங்கியில் ராமதாஸ் என்பவர் கேட்டாராம்: “என்ன ஐயா, மாப்புள தாலி கட்டுறதுக்கு முந்தி நீங்க செருப்புக்குக் கட்டிட்டீங்க?” ஐயா அதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

புஷ்பராணியின் தலையைத் தடவுவதை நிறுத்தினார். அவள் கிட்ட வந்தால் ஒதுங்கினார்.

“அண்ணை, ஐயாவுக்கு என்னிலை என்ன கோவம்?”

“கோவமில்லை. விரதமெல்லோ. அதுதான்” என்றேன்.

அவர் ஒருபொழுது இருப்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சேருமுன் சாப்பிட்டு முடித்திருப்பார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. நான் பிறந்தது முதல் அந்த வீட்டில் சிவப்புப் புழுங்கல் அரிசிதான் வெந்தது. கேட்கத் தோன்றவில்லை.

ஆனியில் கால் வீங்கியது. ஆடியில் குந்தினால் எழும்ப முடியவில்லை. ஆவணியில் கலியாணத்தன்று வேட்டிக்குள் இரண்டு காலுக்கும் பட்டித்துணி சுற்றிவிட்டேன். தாலி ஏறியது. மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்த எழும்பப் பார்த்தார், முடியவில்லை. நானும் இன்னொருவரும் தூக்கி நிறுத்தினோம். பட்டி அவிழ்ந்து காலில் தொங்கியது. கந்தப்பு அதைப் பார்த்தார். ஐயாவுக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டார்.

“இனிக் கூட்டிக்கொண்டு போ.”

பெட்டி கட்டி வைத்திருந்தார். நாலு வேட்டி, திருநீற்றுப் பை, மூக்குக்கண்ணாடி, அம்மாவின் படம். தீவுக்குப் போவதற்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கெண்டைக்காலை அழுத்தினார். ஐயா கத்தினார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, என்ன அரிசி சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார்.

“புழுங்கல்” என்றேன்.

“இல்லை, டாக்டர்” என்றார் கட்டிலில் இருந்த ஐயா. “மாசி தொட்டுப் பச்சரிசி. சயாம் அரிசி. பிள்ளையின்ரை கலியாணம் நல்லபடி நடக்கவேணுமெண்டு நேர்ந்தனான். ஒரு நேரம். சோறும் மோரும். கறி, பருப்பு ஒண்டுமில்லை. புழுங்கல் ஒருக்கா எங்கையோ அவிஞ்சு வந்தது, விரதத்துக்கு ஆகாது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

பெருவியாதி இல்லை என்று ஐயாவிடம் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப நான் வீட்டை போகலாமோ?”

இருதயம் வீங்கிப்போயிருந்தது. தவிட்டுச் சாறு கொடுத்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்கு முன் இறந்தார்.

எட்டாம் நாள் கந்தப்பு என்னைக் கூடத்தின் ஓரத்துக்கு அழைத்தார்.

“தம்பி, குறை நினையாதையும். சனம் கதைக்குது. உம்மடை ஐயாவின்ரை காலை நானும் கண்டனான். நாளைக்குப் பேரப்பிள்ளையள் வரவேணுமெல்லே.”

இந்தச் சந்தேகம் வருமென்றே மரணச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தார்.

“பெ-ரி-பெ-ரி. இது சீனருக்கெல்லே வாறது?”

“பச்சரிசியை மட்டும் திண்டால் ஆருக்கும் வரும்.”

“அப்ப தொத்தாது?”

“தொத்தாது.”

“நல்லகாலம்” என்றார் கந்தப்பு. உடனே வாயை மூடிக்கொண்டார்.

புஷ்பராணி கோப்பித் தட்டோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. தட்டை மாமனார் முன்னால் வைத்தாள்.

“நான்தானே காய்ச்சிக் குடுத்தனான்” என்றாள். “விரதச் சோறெண்டு அஞ்சு தண்ணியிலை கழுவி வடிச்சனான். வெள்ளை வெளேரெண்டு இருக்கும்.”

“பிள்ளை, உன்னிலை பிழையில்லை” என்றார் கந்தப்பு. சான்றிதழை என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் பையில் வைத்துக்கொண்டார், தைப்பிங்கில் காட்ட.

அவள் என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, உனக்கு இதுதானே வேலை. ஒரு நாளாவது ஐயா என்ன சாப்பிடுறார் எண்டு ஏன் என்னைக் கேக்கேல்லை?”

“எங்கடை ஆக்களுக்கு அது வராது எண்டு நினைச்சன்” என்றேன்.