என் புரோகிராம் மட்டும் நின்றது

அந்தப் பரீட்சையைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது "ஒனக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதிர்ஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிஸ்க்கில் இடமில்லை. அதை என் புரோகிராம் ஒன்றுதான் வாய்விட்டுச் சொன்னது. அதனால் நான் தோற்றேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஹட்டனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. உயர்தரம் முடித்துவிட்டு அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி அங்கே போய்க்கொண்டிருந்தேன். கோர்ஸ் முடிவில் ஒரு செய்முறைப் பரீட்சை. கொழும்பிலிருந்து பரீட்சகர் வருவார். முதலாவதாக வருகிறவரைக் கொழும்புக் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு இடம். அந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கு என்ன வழி என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. "கெடைக்காட்டி பேர் பதிஞ்சிரலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். பேர் பதிவது என்றால் அம்மாவைப் போலக் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போவது. அம்மா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்களுக்கு 'சி' மொழி படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல ஆசிரியர். அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை, பின்னால் அவர் அப்படிச் செய்திருந்தும். ஒரு புரோகிராம் தானாக எதையும் செய்ய முடியாது என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். கோப்பைத் திறக்கவும் வாசிக்கவும் எழுதவும் அது சிஸ்டத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்டது நடக்காவிட்டால் சிஸ்டம் கத்தாது, ஆளைப் பிடித்து உலுக்காது. மைனஸ் ஒன்று என்று ஓர் எண்ணைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்தால் தெரியும். பார்க்காவிட்டால் புரோகிராம் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போய், கடைசியில் 'முடிந்தது' என்று வேறு சொல்லிவிட்டு நிற்கும்.

"பிள்ளையள், கேட்டது கிடைச்சதோ எண்டு பாராமல் அடுத்த வேலைக்குப் போகாதேங்கோ" என்பார் சார். ஒவ்வொரு தடவையும் பார்ப்பது சலிப்பான வேலை என்பதால் அதற்கு ஒரு வழியும் காட்டித் தந்தார். ஒவ்வொரு சிஸ்டம் அழைப்பையும் சுற்றி நாமே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் அதேதான், முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போட வேண்டும். அழைப்பைச் செய்து, திரும்பி வந்த எண்ணைப் பார்த்து, பிழை என்றால் என்ன பிழை என்று திரையில் எழுதிவிட்டுப் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும். ரேப்பர் என்று அதற்குப் பெயர். டொபி சுற்றிய தாளா சார் என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டு வகுப்பே சிரித்தது.

சிரித்தவர்களில் யாரும் அதை எழுதவில்லை. நான் எழுதினேன். திறக்க, வாசிக்க, எழுத, மூட என்று எல்லாவற்றுக்கும் ஒன்று. அதற்காக எனக்கு 'எரர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவன் ஹார்ட்வெயார்க் கடைக்காரரின் மகன். கெட்டவன் இல்லை, கொஞ்சம் சோம்பேறி. "ஏய் எரர், இன்னைக்கு எத்தன எரர் புடிச்ச?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவான்.

எனக்கு அந்த ஃபங்ஷன்களின் மேல் ஏன் அத்தனை ஆசை என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. தோட்டத்தில் பழுதைச் சொல்கிறவன் தலையில்தான் பழுது விழும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் குழாய் உடைந்தபோது அப்பா காலைப் பெரட்டில், அத்தனை பேரும் வேலைக்குப் பிரிந்து போவதற்கு முன்னால், "தண்ணி ஒழுகுதுங்க" என்று போய்ச் சொன்னார். "நீதான ஒடச்ச?" என்று வேலை பிரிக்கிற கண்டாக்கு கேட்டார். அன்றைக்கே அப்பாவைக் கான் வெட்ட, மலையில் வாய்க்கால் தோண்டும் கஷ்டமான வேலைக்கு, அனுப்பினார்கள். குழாயை யாரும் வந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் சரிங்க, நல்லா இருக்குங்க. இப்படி வளர்ந்தவளுக்கு, பிழையைச் சொல்வதற்கென்றே ஒரு ஃபங்ஷன் எழுதலாம், அதைச் செய்தால் வாத்தியார் மெச்சுவார் என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சகரை வரவேற்கச் சென்டர் முதலாளி தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். வாசலில் வாழைமரம், உள்ளே ஸ்பீக்கர். பாட்டுப் போட வேண்டும் என்று காலையிலேயே இரண்டு சி.டி. நிறையச் சினிமாப் பாட்டுகளைக் கொண்டுவந்து சர்வரில் ஏற்றினார். சென்டரில் இருந்தது ஒரே சர்வர். நாங்கள் உட்கார்ந்த பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் எல்லாருடைய கோப்புகளும் அதன் டிஸ்க்கில்தான் இருந்தன. அந்த டிஸ்க்கில் முதல் நாளே மூச்சு விட இடமில்லை. பாட்டு ஏறியதும் அதுவும் போயிற்று. இது எங்களில் யாருக்கும் தெரியாது.

பரீட்சையில் கேட்டது பெரிய வேலை இல்லை. பரீட்சகர் தரும் ஃபிளாப்பியில் உள்ள கோப்பை வாசித்து, அதை மூன்றாகப் பிரித்து, அவரவர் இடத்தில் மூன்று கோப்புகளாக எழுத வேண்டும். புரோகிராமை முதல் நாளே எழுதி முடித்திருந்தோம். அன்றைக்கு ஓட்டிக்காட்டுவது மட்டும்தான். பரீட்சகர் நாற்காலி நாற்காலியாக வந்தார், நின்றார், திரையைப் பார்த்தார், தாளில் குறித்துக்கொண்டார். மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

ஹார்ட்வெயார்க் கடைக்காரரின் மகன் ஓட்டினான். திரையில் பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில், 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஆங்கிலத்தில் வந்தது. அந்தப் பச்சை நிறத்தைக் கொண்டுவர அவன் ஒரு வாரம் மினக்கெட்டிருந்தான். பரீட்சகர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அடுத்து நான். ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. எழுத முடியவில்லை, டிஸ்க்கில் இடமில்லை. புரோகிராம் நின்றுவிட்டது.

"நாட் ரன்னிங்" என்றார் பரீட்சகர்.

எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. எல்லாரும் எழுதுவது ஒரே டிஸ்க்கில். எனக்கு இடமில்லை என்றால் யாருக்குமே இடமில்லை. அவனுடைய கோப்புகளில் ஒன்றும் இருக்காது. எழுதக் கேட்ட ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் அவனிடம் மைனஸ் ஒன்று என்று சொல்லியிருக்கும். அவன் அதைத் திரும்பிப் பாராமல் பச்சை எழுத்தைப் போட்டிருக்கிறான். எனக்குப் பின்னால் ஓட்டப்போகிறவர்களும் அதையேதான் செய்யப்போகிறார்கள்.

இதைப் பரீட்சகரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆங்கிலமும் சிங்களமும் பேசுகிறவர். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியரின் நாற்காலி நான் படித்த காலமெல்லாம் காலியாகத்தான் கிடந்தது. வாசித்தால் விளங்கும், காதால் கேட்டாலும் விளங்கும், வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. சிங்களமோ சந்தையில் தக்காளி விலை கேட்குமளவுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு டிஸ்க்கைப் பற்றி என்ன பேசுவது? சாரைப் பார்த்தேன்.

"சார், டிஸ்க் நெறஞ்சிருக்குங்க. மத்தவங்க ஃபைலையும் தொறந்து பாக்கச் சொல்லுங்க சார். எல்லாம் வெறுமையாத்தான் இருக்கும்."

சார் என்னைப் பார்த்தார். கதவருகே கைகட்டி நின்ற முதலாளியைப் பார்த்தார். பிறகு பரீட்சகரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: சின்னப் பிழை ஒன்று விட்டுவிட்டாளாம், மன்னிக்கச் சொல்கிறாள்.

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. பரீட்சகர் இரக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எழுந்து கத்தியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எந்த மொழியில் கத்துவது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு சார் சர்வரின் முன்னால் உட்கார்ந்து எங்கள் எல்லாருடைய கோப்புகளையும் வரிசையாகப் பார்த்தார். நான் பின்னால் நின்றேன். எல்லாம் பூச்சியம். பெயர் இருந்தது, உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை.

"இப்பயாவது போன் பண்ணிச் சொல்லுங்க சார்" என்றேன்.

"நீர் செய்ததுதான் சரி பிள்ளை. ஆனால் இப்ப சொன்னால் சென்டரில பிழை எண்டு வரும். அனுமதியை எடுத்துப்போடுவினம். முதலாளி என்னை வைச்சிருப்பாரோ?" என்றார். சர்வரின் திரையை அணைத்தார். "நீர் கெட்டிக்காரி. உமக்கு வேற வழி கிடைக்கும்."

கெட்டிக்காரிக்கு வேறு வழி கிடைக்கும் என்பது எவ்வளவு வசதியான பேச்சு. அதைச் சொல்லிவிட்டால் சொன்னவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அவரும் போனார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிஸ்டம், டிஸ்க் எல்லாம் அம்மாவுக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்கும் அதே பிழை, ஆனால் என்னுடையது மட்டும்தான் சொன்னது என்பது விளங்கியது.

"மத்ததெல்லாம் பேசாம இருந்துச்சுல்ல? ஒன்னோடது மட்டும் எதுக்கு சொல்லிச்சு?"

"நாந்தாம்மா அப்டி எழுதியிருந்தேன்."

"ஏன்டி அப்டி எழுதின?" என்று கேட்டுவிட்டு அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னைப் பேர் பதியக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

இரண்டு வருடத்துக்குமேல் கொழுந்து பறித்தேன். அந்த வேலையைக் குறை சொல்ல நான் யார், அம்மா அதில்தான் எங்களை வளர்த்தாள். ஆனால் எனக்கு வேண்டாத வேலை. ஒவ்வொரு நாளும் வேண்டாவெறுப்பாகத்தான் மலை ஏறினேன். பிறகு சார் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். 'சி' படிப்பிக்க ஆளில்லாமல் முதலாளி என்னைத் தேடித் தோட்டத்துக்கே ஆள் அனுப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அந்தப் பரீட்சையில் பெயிலானவள் அதே பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தினேன். யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சென்டருக்குப் போன் வந்தது. ஹார்ட்வெயார்க் கடைக்காரரின் மகன், கொழும்பிலிருந்து. அந்தப் பரீட்சையில் முதலாவதாக வந்து கம்பெனி வேலைக்குப் போனவன் அவன்தான்.

"ஏய் எரர், எப்டி இருக்க?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அவனுக்கு ஒரு தொல்லையாம். அவன் எழுதிய புரோகிராம் எல்லாம் முடிந்தது என்று சொல்கிறதாம், போய்ப் பார்த்தால் பாதித் தரவைக் காணோமாம். கம்பெனியில் பெரியவர் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்துவிட்டாராம். "அப்பதான் நீ எழுதுவியே, அந்த ரேப்பர், அது ஞாபகம் வந்துச்சு."

"அன்னைக்குப் பரீட்சைல ஒன் ஃபைல்ல ஒன்னுமே இல்ல, தெரியுமா?" என்றேன். எத்தனையோ வருடம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். டிஸ்க், பாட்டு, பூச்சியம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயையோ, அப்டியா!" என்று சிரித்தான். உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. "சரி அத விடு, பழங்கத. நான் பெரியவர்கிட்ட ஒன்னப்பத்திச் சொன்னேன் தெரியுமா? இந்த மாதிரி எழுதுற ஆள்தான் எங்களுக்கு வேணும்னாரு. ஆனா அந்தப் பரீட்ச பாஸ் பண்ணியிருக்கணுமாம். நீ பெயில்னு சொன்னேன், அப்ப ஏலாதுன்னுட்டாரு. அதுனால நீ வரவேணாம், அந்த ஃபங்ஷன மட்டும் எனக்கு ஈமெயில் பண்ணிவிட்ரு."

என் ஃபங்ஷன்கள் எல்லாம் முன்னால் இருந்த கம்ப்யூட்டரிலேயே இருந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவனுக்குக் கேட்கும்படி கீபோர்டைக் கொஞ்ச நேரம் தட்டினேன். எதையும் அனுப்பவில்லை.

"அனுப்பிட்டேன்" என்றேன்.

"தேங்க்ஸ்டி, பெரிய உதவி."

"வந்துச்சான்னு பாரு."

"நீ சொன்னா போதாதா" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.