கறார் அம்மாவின் ஆறு டெபாசிட்

வயதானவர்கள் வருமான வரிக் கணக்குப் போட வருகிற அந்த இரண்டு மாதமும் யாரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான். மருந்துக்கடைக்கு மேலே பதினெட்டுப் படி ஏறித்தான் என் ஆபீசுக்கு வர வேண்டும். கீழே கடை பிடிக்க வாடகை கட்டுப்படியாகாது. மூச்சு வாங்க ஏறி வந்து, "ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள், ஏதோ கட்டடமே என்னுடையது மாதிரி. பிறகு துணிக்கடைப் பையை என் மேஜையில் கவிழ்ப்பார்கள். கரண்ட் பில் விழும், மூக்குக்கண்ணாடி வாங்கிய ரசீது விழும், பேரன் கிறுக்கிய படம்கூட விழும். கேட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் விழாது. "போன வருஷம் மாதிரியே போட்டுடும்மா" என்பார்கள். போன வருஷம் என்ன போட்டீர்கள் என்று கேட்டால், அது பையனுக்குத்தான் தெரியும் என்று பதில் வரும்.

அந்தக் கூட்டத்திலேயே எனக்குத் துளியும் பிடிக்காதவர் கறார் அம்மா. அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் பொறுப்பாக இருந்தவர் அவர். சரக்கு கொண்டு வந்த டிரைவர்கள் வைத்த பெயர் அது. கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் இளவயதில் அந்த டிரைவர்களில் ஒருவர். நூறு பெட்டி கையுறை போனால் இந்த அம்மா நூறு பெட்டியையும் பிரித்து எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம். வண்டி வெயிலில் காயும், டிரைவருக்குப் பசி வயிற்றைக் கிள்ளும், அந்த அம்மா அசைய மாட்டார். ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர் வருஷக் கடைசியில் ஒரு டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அதே வண்டியில் அது திரும்பிப் போனது, உள்ளே ரசீதோடு.

புருஷன் போனபோது பையனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு இரண்டு ஷிப்ட் பார்த்தார். மேல் தட்டுக்கு இரும்பு ஏணி, கீழ்த் தட்டுக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணுவது என்று முப்பத்தோரு வருஷத்தில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. அந்தச் சம்பளத்தில்தான் பையன் படித்தான். இப்போது ஒரு தனியார் கம்பெனியில் சரக்கு வாங்கும் பிரிவுக்கு மேனேஜர். கார் இருக்கிறது. அம்மாவை ஒரு படுக்கையறை வாடகை வீட்டில் வைத்திருக்கிறான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வருவான். கையில் ஏதாவது பேப்பரும் இருக்கும்.

எழுபத்தோரு வயதில் அந்த அம்மா என் ஆபீசுக்கு ஏறி வந்தபோது கையில் பை இல்லை. நாலாக மடித்த ஒரே ஒரு கடிதம்.

"முட்டி ஆபரேஷனுக்கு வயசானவங்க சலுகை கேட்டிருந்தேன். ரெண்டு தடவை இல்லன்னுட்டாங்க. வருமானம் ஜாஸ்தியாம். ஏன்னு பாத்துச் சொல்லு."

"ஃபீஸ் முன்னாடியே வாங்கிடுவேம்மா."

"முதல்ல பாரு. வேலையப் பாக்காம காசு குடுத்துப் பழக்கமில்ல."

வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வரி இணையதளத்தைத் திறந்தேன். ரகசிய எண் அவருடைய போனுக்கு வரவில்லை, பையனுடைய போனுக்குப் போனது. அவனிடம் கேட்டு வாங்குங்கள் என்றேன்.

"வேணாம். ரெண்டு வருஷமா கேக்கறேன். கம்ப்யூட்டர் தப்பும்மா, நான் பாக்கறேங்கறான். அவன் பாத்து கிழிச்சது போதும், இனி நானே பாத்துக்கறேன்."

அப்படியானால் வரி ஆபீசுக்கு நேரில் போய் போன் நம்பரை மாற்ற வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும் என்று சொன்னேன். இத்தோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே புது நம்பரோடு வந்து நின்றார். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாராம். "அது பரவால்ல, உன் படிதான் உயிர வாங்குது" என்றபடி நாற்காலியில் சாய்ந்தார்.

திரையில் அவருடைய வருமானப் பட்டியல் வந்தது. மேலே பென்ஷன். அதற்குக் கீழே வட்டி, வட்டி என்று ஆறு வரி. ஆறும் ஃபிக்சட் டெபாசிட், ஆறும் அவர் பெயரில், மொத்தம் நாற்பத்திரண்டு லட்சம்.

"இவ்வளவு பணம் வச்சுக்கிட்டு சலுகை கேட்டா எப்படிம்மா குடுப்பாங்க?" என்றேன். குரலில் குத்தல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "இது என்னுது இல்ல" என்றார்.

"உங்க பேர்தான் இருக்கு. உங்க கையெழுத்துலதான் ஆரம்பிச்சிருக்காங்க."

"பென்ஷன் பேப்பர்னு சொன்னான். போட்டேன்."

"படிக்காமலா?"

"புள்ள குடுத்த பேப்பரம்மா அது." அதட்டித்தான் சொன்னார். ஆனால் முகம் சுண்டிப்போனது.

விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வயதானவர்கள் பெயரில் போட்டால் வட்டி கூட, வரி கம்மி. ஊரில் பாதிப்பேர் செய்கிற வேலைதான் இது. அப்பா பெயரில், மாமியார் பெயரில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியம்மா பெயரில்கூடப் போட்டுவைத்திருக்கிறார்கள். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அதற்கடுத்த பக்கத்தைத் திறந்ததும் எனக்கே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சலுகை கொடுக்கும் அலுவலகம் முதல் தடவையே இந்தத் தளம் வழியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. இந்த டெபாசிட்டுகள் உங்களுடையவைதானா, இல்லையென்றால் சொல்லுங்கள், விசாரித்துச் சலுகை தருகிறோம் என்று. அதற்குப் பதிலும் போயிருந்தது. "பணம் என்னுடையதே. எனக்குச் சலுகை தேவையில்லை." கீழே அந்த அம்மாவின் பெயர். இரண்டு வருஷமும் அதே பதில், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

படித்துக் காட்டினேன். "நீ தப்பாப் படிக்கிற" என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு பையனுக்குப் போன் போட்டு, "வரிக்காரம்மா ஆபீசுல இருக்கேன், உடனே வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் வந்தான். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை. அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் என் திரையைத்தான் பார்த்தான்.

"யாரு மேடம் உங்கள இதெல்லாம் தோண்டச் சொன்னது? ஃபீஸ் வாங்கினோமா ரிட்டர்ன் போட்டோமான்னு இருக்க வேண்டியதுதானே?"

"ஃபீஸ் இன்னும் வரல சார். உட்காருங்க, ஃபேன மறைக்கிறீங்க."

"உங்க லைசென்ஸ் என்ன ஆகுதுன்னு பாருங்க."

"அவ கிட்ட என்ன பேச்சு? இங்க பாரு" என்றார் அம்மா. "இந்த ஆறும் யாருது?"

அவன் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என்னுதும்மா. பேப்பர்ல உன் பேரு, அவ்வளவுதான். நாளைக்கு உனக்கும்தானே?"

"சலுகை வேணாம்னு நான் எப்ப எழுதினேன்?"

"இல்லன்னா விசாரணைக்கு வந்திருப்பாங்கம்மா. டெபாசிட் முடிய இன்னும் ரெண்டே வருஷம். முடிஞ்சதும் நல்ல ஆஸ்பத்திரியா பாத்து நானே ஆபரேஷன் பண்ணி வைக்கலாம்னு இருந்தேன்."

"காலைல கட்டில்லேருந்து எறங்க எனக்கு அரைமணி நேரம் ஆகுது. பாத்ரூம்ல செவுத்தப் புடிச்சிட்டு எழுந்திருக்கறேன். ரெண்டு தடவை விழுந்திருக்கேன். இதெல்லாம் உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த ஒரு இடத்தில் சொல்லவில்லை. "தெரியும்மா" என்றான்.

பேப்பர் வெயிட்டை எடுத்து அவன் மேல் எறிய வேண்டும் போலிருந்தது எனக்கு. கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப என்ன பண்ணலாம், சொல்லு" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

சொன்னேன். ஒவ்வொரு வருமானத்துக்கும் எதிரே ஒரு கேள்வி இருக்கிறது, இது உங்களுடையதா என்று. ஆமாம் என்றால் எப்போதும் போல வரி கட்டிவிட்டுப் போகலாம், சலுகை கிடைக்காது. இல்லை என்றால் இரண்டு வழி. இன்னாருடையது என்று அவருடைய வரி எண்ணைப் போடலாம், வருமானம் அவர் கணக்குக்கு மாறிவிடும். அதுவும் முடியாதென்றால் யாருடையதென்று தெரியாது என்று காரணம் எழுத வேண்டும். அதற்கு விசாரணை வரும்.

"உன் வரி எண்ணச் சொல்லு" என்றார் மகனிடம். "உன் பணம், உன் கணக்குல போட்டுக்க. வர்ற வரிய என் பென்ஷன்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா நான் கட்டறேன். டெபாசிட் எல்லாத்தையும் இன்னைக்கே பேங்க்குக்கு வந்து உன் பேருக்கு மாத்திக் குடுக்கறேன். எனக்கு ஒரு காசு வேணாம். சலுகை கெடச்சா முட்டியப் பாத்துக்கறேன்."

"அது சரிப்படாதும்மா."

"ஏன்?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"சொல்லு."

அவன் லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்தான், மூடினான். சரக்கு வாங்கும் மேனேஜருக்குச் சம்பளத்துக்கு மேல் நாற்பத்திரண்டு லட்சம் எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியும். முப்பத்தோரு வருஷம் ஸ்டோரில் இருந்தவருக்குத் தெரியாதா? அவர் கேட்கவில்லை.

"அம்மா, என் வேலை போயிடும். சின்னவன் ஸ்கூலு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கு. இந்த வயசுல எதுக்கு உனக்கு இந்த வம்பு? வழக்கம்போல ஆமான்னு போட்டு முடிச்சிடு." எழுந்துகொண்டான். "நான் கீழ கார்ல இருக்கேன். முடிச்சிட்டு வா, வீட்ல விடறேன். மேடம், ஃபீஸ் நான் கட்டறேன், எவ்வளவு ஆனாலும்."

அவன் இறங்கிப் போகும் சத்தம் அடங்கியதும் அந்த அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"முதல் டெபாசிட்டுக்கு வா" என்றார்.

இது உங்களுடையதா என்று திரை கேட்டது.

"இல்லன்னு போடு. ரெண்டாவது. இல்ல. மூணாவது."

ஆறுக்கும் இல்லை என்று போட்டேன். யாருடையது என்ற கட்டம் வந்தது. அவர் தலையை ஆட்டினார். கீழே, காரணம் எழுதும் கட்டம்.

"நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுது. உன் இஷ்டத்துக்கு எதையும் சேக்காத." வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். ஸ்டோர் நோட்டில் எழுதுகிற தமிழ் அது.

"மேற்படி பணம் என்னுடையது அல்ல. என் பெயரில் இருப்பது இந்த மாதம்தான் தெரிய வந்தது. யாருடையது என்று விசாரித்தேன். தன் கணக்கில் ஏற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. சலுகை வேண்டாம் என்று நான் எழுதவில்லை."

தட்டச்சு செய்துவிட்டுக் கையை எடுத்தேன். கணக்குப் போட வந்த யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். "அம்மா, இத அனுப்பிட்டா திரும்ப வாங்க முடியாது. ஒரு மாசத்துல கண்டுபுடிச்சிடுவாங்க. வேலை போறதோட நிக்காது. உள்ள போடவும் செய்வாங்க."

"பேரு எழுதினேனா?"

"இல்ல."

"அவ்வளவுதான் என்னால முடியும். இன்னைக்கு அவன் பணத்துக்கு ஆமான்னு போட்டா நாளைக்கு அடுத்த பேப்பரக் கொண்டு வருவான். என் முட்டி இப்படியே போனாலும் போகுது, என் கையெழுத்த வச்சு அவன் திருட வேணாம்." சட்டென்று குரல் உடைந்துவிட்டது. "எம்புள்ளம்மா அவன். ஒண்ணே ஒண்ணு. வரி எண்ணச் சொல்லிடுவான்னுதான் நெனச்சேன்."

அவர் போனுக்கு ரகசிய எண் வந்தது. ஆறு இலக்கம். ஒவ்வொன்றாகச் சொன்னார், அடித்தேன். கடைசிப் பொத்தானை அழுத்த எனக்கு மனசு வரவில்லை. என் கையைத் தள்ளிவிட்டு அவரே அழுத்தினார்.

ஃபீஸ் பணத்தை இரண்டு தடவை எண்ணி மேஜையில் வைத்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

"கீழ அவன் இருப்பான். கூப்பிடு. படி எறங்கணும்."

ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். கதவில் நின்றபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு."

அவன் முகம் அப்படியே தெளிந்தது. "அவ்வளவுதாம்மா. இதுக்குப் போயி" என்றபடி அருகில் வந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டுப் படியும் முடியும்வரை, "மெதுவா, மெதுவா, என்மேல சாஞ்சுக்க" என்று அவன் சொல்லிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.