கொட்டை எழுத்தில் ஒரு சொல்

சீதாராமன் ஒல்லி. வங்காளத்து டாக்குரியா ரயில் கூட்டத்தில் நாலு பேர் இடித்தாலும் வாயைத் திறக்காதவர். அவர் வரைந்த எழுத்துருவோ சரியான தடியன். பட்டைப் பேனாவால் அழுத்தி எழுதியது மாதிரி இறங்கும்போது பருத்து, வளைவில் மெலிந்து, மறுபடி பருக்கும். கல்யாணப் பத்திரிகையின் தலைப்பு, கடைப் பலகை, மேடைக்குப் பின்னால் கட்டும் பேனர், இதற்கெல்லாம் ஏற்றது. சின்னதாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பக்கம் முழுக்கப் போட்டால் படிப்பவருக்குத் தலைவலிதான்.

ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வரைபடங்களுக்கு ஆங்கிலத்தில் தலைப்பு எழுதியவர் அவர். ஓய்வு பெற்று, மனைவி ஜலஜாவும் போய்ச் சேர்ந்த பிறகு, தமிழ் பேச வீட்டில் ஆளில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் வரைய உட்கார்ந்தார். மூன்று வருஷம் ஓடியது. இணையத்தில் இலவசமாகப் போட்டதை யார் யாரோ இறக்கிக்கொண்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருத்தி. மகள் மதுவந்தி தன் எழுத்தில் ஒரு சொல்லையாவது வாசித்துவிட மாட்டாளா என்று ஏங்கினார். அவள் தமிழ் பேசுவாள், அதுவும் இவரிடம் மட்டும். எழுத்து சுத்தமாகத் தெரியாது. சின்ன வயதில் ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்டால் எழுந்து காபி போடப் போய்விடுவார்.

துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்பு மதுவந்தி, தான் குடியிருக்கும் பெஹாலாவிலிருந்து வந்தாள். ஒரு குர்த்தாவை அவர் மடியில் போட்டாள்.

"உங்க ஃபான்ட்தாம்பா! கரியாஹாட்ல தொறக்கப் போறேனே, அந்தக் கடைக்கு. எது அழகா இருக்குன்னு நானே பாத்து எடுத்தேன். இருநூறு பீஸ் ப்ரிண்ட் ஆயிடுத்து. தாருண், பிரமாதமா இருக்கு இல்ல?"

இரட்டைக்கொம்பு, ப, கால். மார்பு முழுக்க, கை முழுக்க: போ, போ, போ.

"இதுக்கு அர்த்தம் ஏதாவது இருக்கா?"

அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது. மனுஷருக்கு மனசு வரவில்லை.

"'வா'ன்னு போட்டிருக்கும்மா," என்றார்.

கடை திறப்பன்று அதே குர்த்தாவைப் போட்டுக்கொண்டு போனார். வாசலுக்கு மேலே புதுப் பலகை. அதில் அவருடைய எழுத்தில், ஆள் உயரத்துக்கு, அந்த ஒரே சொல். தோழிகள் சூழ்ந்து நிற்க, மதுவந்தி வங்காள மொழியில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பலகைக்கு நேரே நிறுத்தினாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை நீட்டிக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"வா!"

தோழிகள் கைதட்டினார்கள். சீதாராமனும் தட்டினார். மூன்று வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

அதற்குள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். மதுவந்தி கையை விட்டுவிட்டு அவர்களை உள்ளே அழைத்துப் போனாள். அத்தனை பெரிய தெருவில் அந்தப் பலகையைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அது சொன்னபடியே வீட்டுக்குக் கிளம்பினார்.