அண்ணனுக்கு விழுந்த சாம்பல்

போன வாரம் வெள்ளானூரில் அண்ணன் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டில் குடும்ப ஜெபத்துக்கு உட்காரப் போகும் நேரம், கரண்ட் போய்விட்டது. அண்ணி எங்கிருந்தோ ஒரு கொசுவர்த்திச் சுருளைத் தேடியெடுத்துக் கொளுத்தினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், இந்த நரைத்த வயதில் எனக்கு அண்ணன்மேல் பொறாமை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டில் தினமும் பொழுது சாய்ந்ததும் கொசுவர்த்தி கொளுத்தி, பாயில் முழங்கால் போடுவோம். அம்மா ஒவ்வொருவராக எடுத்து ஜெபிப்பாள். அண்ணன் சொன்ன பேச்சு கேட்காதவன். அவன் முறை வந்ததும் அம்மாவுக்குக் குரல் உடையும், முந்தானை நனையும். நான் அரைக்கண்ணைத் திறந்து சுருளைப் பார்ப்பேன். அவனுக்காக ஜெபித்து முடிப்பதற்குள் ஒரு விரற்கடைச் சாம்பல் விழுந்திருக்கும். எனக்கு? "சின்னவனுக்காக ஸ்தோத்திரம், ஆமென்." ஒரு பொட்டுகூட உதிராது. கடைக்கு ஓடியது யார்? வசனம் ஒப்பித்தது யார்? ரசத்தில் கிடந்த கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் தின்றது யார்?

ஆகவே நானும் கீழ்ப்படியாமல் போவதென்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே ஸ்கூலுக்கு என்று சொல்லிவிட்டு மின்சார ரயிலேறி நெமிலிச்சேரியில் இறங்கினேன். அங்கே என்ன பாவம் செய்வதென்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். அதையும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தின்றேன்.

திரும்பி வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. வாசலில் எல்லோர் செருப்பும் இருக்கிறது. ஆள்தான் ஒருவரும் இல்லை. அறை அறையாக ஓடிப் பார்த்தேன். ஆண்டவர் ஒருநாள் கண் இமைக்கும் நேரத்தில் வந்து, கீழ்ப்படிந்தவர்களை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் இங்கேயே கிடந்து அழ வேண்டியதுதான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வந்துவிட்டார்! நான் வேர்க்கடலை தின்ற நேரம் பார்த்து வந்துவிட்டார்! அதைவிட வயிறு எரிந்தது எதற்கென்றால், அண்ணன் செருப்பும் அங்கேயே கிடந்தது.

"அவனையுமா எடுத்துக்கிட்டீரு ஆண்டவரே?" என்று கூரையைப் பார்த்துக் கத்தியேவிட்டேன்.

"இன்னாடா, ஊட்டுக்குள்ள நின்னுகினு யாராண்ட கத்தினு கீற?"

தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு அண்ணன் நின்றான். தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. எல்லோரும் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள்.

பின்னால் வந்த அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ரயில், நெமிலிச்சேரி, வேர்க்கடலை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். திருநெல்வேலிக்காரியான அம்மா, "ஏலே, நீயுமா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைய ஜெபத்தில் எனக்காக அம்மா அழுதாள். சுருளில் சாம்பல் நீண்டு, வளைந்து, விழுந்தது. ஜெயித்துவிட்டேன்! அப்புறம் சொன்னாள்: "தண்ணி சுமந்த மூத்தவனுக்காக ஸ்தோத்திரம், ஆமென்." ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தான். என் வெற்றி சப்பென்று போய்விட்டது. அந்த அரை வரி என்னுடையது அல்லவா?

இதையெல்லாம் போன வாரம் அந்த இருட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"என்னிய நெனச்சு அம்மா அழாம ஜெபம் பண்ணது அந்த ஒரு நாளுதான் நைனா. மத்த நாளெல்லாம் உன் ஸ்தோத்திரத்தக் கேட்டுக்கினு எனக்கு வவுறு எரியும். உனக்கு எங்க தெரியப் போவுது?"

இரண்டு பேரும் ஒரே பாயில் முழங்கால் போட்டு, ஒருவன் பங்கைப் பார்த்து ஒருவன் வெந்திருக்கிறோம்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது அண்ணன்தான் ஜெபம் நடத்துகிறான். அன்று அவன் ஆரம்பித்ததும், எனக்கு எவ்வளவு தருகிறான் பார்ப்போம் என்று அரைக்கண்ணைத் திறந்து சுருளைப் பார்த்தேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அண்ணி சுருளை நசுக்கி அணைத்துவிட்டு, சுவரில் கொசு மருந்து மெஷினைச் சொருகினார்.

அதில் சாம்பல் விழுவதில்லை.